சாவி யார் கையில்?



இரவில் கேட்டைப் பூட்டுங்கள். யாரென்று பார்க்காமல் கதவைத் திறக்காதீர்கள். சாவியைப் பூச்சாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஊருக்குப் போவதை ஊரெல்லாம் சொல்லாதீர்கள். புதிதாக வேலைக்கு வருபவரின் விவரத்தைப் பொலிஸில் கொடுத்து வையுங்கள்.

வீட்டுப் பாதுகாப்பு என்றால் கொழும்பில் யாரும் சொல்லும் புத்திமதி இதுதான். முதல் நான்கும் நல்ல பழக்கம். நாமும் பழகிக்கொள்ளலாம். ஐந்தாவதில்தான் நமக்கு வழக்கு இருக்கிறது. அதில் சொல்லப்படும் "வேலைக்கு வருபவர்" வேறு யாருமல்ல. டயகமவிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் பஸ் ஏறிப் போன நம் வீட்டுப் பிள்ளை.

விடுமுறை நாட்களில் ஹெந்தளை, வத்தளைப் பக்கம் வேலை செய்யும் நம்மவர்களைச் சங்கத்தின் சார்பில் போய்ப் பார்க்கிறோம். களனி ஆற்றுப் பாலம் தாண்டி, நீர்கொழும்பு வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் வீதிக்கு வீதி உயர்ந்த மதில், இரும்புக் கேட், கேமரா, கட்டிய நாய். இரவில் அந்தக் கேட்டைப் பூட்டுவது யார்? நம் பிள்ளை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹோர்ன் அடித்தால் எழுந்து ஓடித் திறப்பது யார்? நம் பிள்ளை. மணி அடித்தவன் கள்ளனா விருந்தாளியா என்று முதலில் முகத்தைக் காட்டிப் பார்ப்பது யார்? அதுவும் நம் பிள்ளைதான். அந்த வீட்டின் பாதுகாப்பே அவள் கையில் இருக்கிறது. ஆனால் அவள் படுக்கிற இடத்துக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "குசினியில் பாய் போட்டுப் படுக்கிறேன், சேர்" என்பாள். குசினிக்கு எங்கே தாழ்ப்பாள்?

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். பாதுகாப்பு என்பது மதிலின் உயரத்தில் இல்லை. கதவை உள்ளிருந்து பூட்டவும், வேண்டியபோது திறந்து வெளியே போகவும் முடிகிறவர்தான் பாதுகாப்பாக இருக்கிறார். சாவி வேறொருவர் கையில் இருந்தால், அந்த வீடு அவருக்குக் காவல். நமக்கு அது சிறை.

ஹெந்தளைக்கு இது புதிதல்ல. தொழுநோயாளரை ஊரிலிருந்து ஒதுக்கி வைக்க டச்சுக்காரர் ஒரு மருத்துவமனையைக் கட்டினார்கள். 1708இல் கட்டிய அந்த இடம் இன்றும் ஹெந்தளையில் இருக்கிறது. அன்றும் "பாதுகாப்பு" என்றுதான் சொன்னார்கள். வெளியே இருந்தவர்களின் பாதுகாப்பைத்தான் சொன்னார்கள். உள்ளே இருந்தவரை யாரும் கேட்கவில்லை.

சட்டம் யாரைச் சந்தேகித்தது?

வீட்டு வேலை செய்பவருக்கென்று இந்த நாட்டில் தனியாக ஒரு சட்டம் எழுதினார்கள். எப்போது தெரியுமா? 1871இல். வெள்ளைக்காரன் கொண்டுவந்த 28ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். சமையற்காரர், குதிரைக்காரர், தோட்டக்காரர், வீட்டு ஆட்கள் எல்லோரையும் பதிவு செய்ய வேண்டும் என்றது. யார் எங்கே வேலை செய்தார், என்ன குற்றம் செய்தார் என்றெல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். துரைமாரின் வெள்ளிக் கரண்டியைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. துரையிடமிருந்து வேலைக்காரியைக் காப்பாற்ற அதில் ஏற்பாடு இல்லை.

துரை போய்விட்டான். பழக்கம் போகவில்லை. 1958இல் ஊழியர் சேமலாப நிதி வந்தபோது வீட்டு வேலையை அதில் சேர்க்காமல் விட்டார்கள். கொழுந்து பறிக்கும் தாய்க்குச் சேமலாப நிதி உண்டு. அதே தாய் ஹெந்தளையில் துணி துவைக்கப் போனால் இல்லை. களவு போனால் முதலில் விசாரிக்கப்படுவது மட்டும் அவள்தான்.

"பாதுகாப்பு" என்ற சொல்லால் அடிபட்டவர்கள் நாம். யுத்த காலத்தில் கொழும்பில் தங்கியிருந்த தமிழன் ஒவ்வொருவனும் பொலிஸ் பதிவுத் துண்டோடு நடந்தது மறந்துவிட்டதா? 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் தூங்கிக்கொண்டிருந்த தமிழர் முந்நூறுக்கும் மேற்பட்டோரை எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, நகரத்தை விட்டே அனுப்பினார்கள். காரணம் கேட்டபோது, தேசிய பாதுகாப்பு என்றார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்களில் மலையகத்திலிருந்து வேலைக்குப் போன பிள்ளைகளும் இருந்தார்கள். ஆகவே, யாராவது பாதுகாப்பு என்று சொன்னால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: யாருடைய பாதுகாப்பு?

இரண்டு ஊர், ஒரே வீதி

2009 ஆகஸ்டில் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வீட்டு வேலைக்குப் போன இரண்டு சிறுமியரின் உடல்கள் கொழும்பு பௌத்தாலோக மாவத்தை அருகே ஒரு கால்வாயில் கிடந்தன. மலையகம் கொதித்தது. ஊர்வலம் போனோம். பிறகு மறந்தோம்.

2021 ஜூலை 3ஆம் திகதி டயகமவைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை ஒருத்தி உடல் முழுக்கத் தீக்காயத்தோடு கொழும்பு தேசிய மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். 15ஆம் திகதி இறந்தாள். அவள் வேலை செய்தது ஓர் அரசியல்வாதியின் வீட்டில். அதுவும் பௌத்தாலோக மாவத்தையில். தரகர் ஒருவர் மூலம் போனவள். புதைத்த உடலைத் திரும்பத் தோண்டி எடுத்து இரண்டாவது பிரேத பரிசோதனை செய்யும் நிலை வந்தது. யார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் கேட்பது வேறு. அந்த வீட்டுக்கு மதில் இல்லையா? கேட் இல்லையா? நாடாளுமன்ற உறுப்பினரின் வீடு, காவலுக்கா குறை? இத்தனை காவலும் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் காவல் இல்லை.

இந்த இரண்டு சம்பவத்தையும் நான் எழுதுவது அழுவதற்கல்ல. வெளியிலிருந்து வரும் கள்ளனுக்குப் பயந்து ஆயிரம் ஆலோசனை சொல்லும் நகரம், உள்ளே இருக்கும் ஆபத்தைப் பற்றி ஓர் ஆலோசனையும் சொல்லவில்லை என்று காட்டத்தான்.

"மகளைப் போலப் பார்க்கிறோம்"

வீட்டுக்காரர் சொல்லும் பதில் நமக்கு மனப்பாடம். "மகளைப் போலப் பார்க்கிறோம்." நல்லது. உங்கள் மகள் குசினித் தரையிலா படுக்கிறாள்? உங்கள் மகளின் அடையாள அட்டையை உங்கள் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்களா? உங்கள் மகள் தாயோடு பேசும்போது பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை அவள் வெளியே போக யாரிடம் அனுமதி கேட்கிறாள்? மகள் என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கலாம். மகள் என்று சொல்லி உரிமை கொடுத்ததை நாம் பார்க்கவில்லை.

"வெளியே விட்டால் கெட்டுப்போவாள், அவள் நன்மைக்குத்தான் பூட்டிவிட்டுப் போகிறோம்" என்பார் இன்னொருவர். 2021 நவம்பர், டிசம்பரில் இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கேஸ் சிலிண்டரும் அடுப்பும் வெடித்தது ஞாபகம் இருக்கிறதா? வெடிக்கிற இடம் குசினி. குசினியில் நிற்பது நம் பிள்ளை. பின்கதவுக்கும் பூட்டு, முன்கதவுக்கும் பூட்டு, சாவி நோனாவின் கைப்பையில். தீ பிடித்தால் அவள் எந்த வழியால் ஓடுவாள்? கடைகளிலும் இதே கதைதான். இரவில் பையன்களை உள்ளே படுக்க வைத்து, ஷட்டரை இறக்கி வெளியில் பூட்டுப் போடும் முதலாளி உண்டு. சரக்குக்குக் காவல் பையன். பையனுக்குக் காவல் யார்?

நம் பக்கமும் பார்ப்போம்

வீட்டுக்காரரை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போக முடியாது. பாடசாலை இடாப்பைத் திறந்தால் தெரிகிறது. தீபாவளிக்கு ஊருக்கு வரும் தரகர் திரும்பிப் போகும்போது ஒன்பதாம், பத்தாம் தரத்தில் ஒரு பெயருக்கு நேரே வரிசையாக வராத அடையாளம் விழுகிறது. வீட்டில் விசாரித்தால், "கொழும்பில் வேலைக்குப் போயிருக்கு, சேர். பெரிய வீடாம்." எந்த வீதி? தெரியாது. வீட்டு நம்பர்? தெரியாது. வீட்டுக்காரர் பெயர்? "மாத்தயா" என்றுதான் தெரியும். போன் நம்பர்? தரகருடையது மட்டும். கோழி விற்றாலும் வாங்கியவன் பெயரைக் கேட்டு வைக்கிற நாம், பிள்ளை போன வீட்டின் முகவரியைக் கேட்டு வைக்கவில்லை.

"அனுப்பாவிட்டால் எப்படிச் சாப்பிடுவது?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம். நாள் சம்பளம் 1000 ரூபாயைத் தொடுவதற்கே 2021 மார்ச் வரை இழுத்தடித்தார்கள். அதையும் பெயர் குறைத்து, கிலோவைக் கூட்டிப் பிடுங்கினார்கள். பிள்ளைகளை வீட்டு வேலைக்குத் தள்ளுவது பெற்றோரின் கல் நெஞ்சு அல்ல, கம்பனியின் கணக்கு. இதை நான் மறக்கவில்லை. ஆனால் சட்டம் மாறியிருக்கிறது. 2021இல் வேலைக்கு வைக்கும் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆனது. அதன்பின் வீட்டு வேலையை ஆபத்தான வேலைகளில் சேர்த்து, 18 வயதுக்குக் குறைந்த எவரையும் அதற்கு வைக்கக் கூடாது என்றும் ஆக்கினார்கள். ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளையைக் கேட்டு வரும் தரகர் உதவி செய்ய வரவில்லை. சட்டத்தை மீற உங்களைக் கூட்டுச் சேர்க்க வருகிறார். அவர் தரும் முன்பணம் உங்கள் வாயைக் கட்டும் பணம். இஸ்தோப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புங்கள். தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து புறப்படுமுன்

வயது வந்தவர்கள் போகத்தான் போகிறார்கள். அது அவர்கள் உரிமை. அவர்கள் போகிற வழிக்கு இந்தப் பழக்கங்களை இன்றே தொடங்குங்கள். வெட்டி எடுத்துக் காம்பராச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

1. முகவரி இல்லாமல் பயணம் இல்லை. வீட்டு இலக்கம், வீதி, பக்கத்துச் சந்தி, வீட்டுக்காரரின் முழுப்பெயர், போன் நம்பர் எல்லாம் எழுத்தில் வேண்டும். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி தோட்டத் தலைவரிடம். முதல் நாள் குடும்பத்தில் ஒருவர் கூடவே போய், படுக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். காட்ட மறுக்கும் வீட்டில் வேலை வேண்டாம்.

2. அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்கலாம். மூலத்தைக் கொடுக்கக் கூடாது. "பத்திரமாக வைக்கிறேன்" என்று வாங்குபவர் உங்களைத்தான் பத்திரமாகப் பூட்டி வைக்கிறார்.

3. இரண்டு போன் நம்பர் மனப்பாடமாக இருக்க வேண்டும். போனைப் பறிக்கலாம், மனப்பாடத்தைப் பறிக்க முடியாது.

4. குடும்பத்துக்குள் ஒரு ரகசியப் பேச்சு வேண்டும். பக்கத்தில் ஆள் நிற்கும்போது, "கறுப்பு ஆட்டுக்குட்டி எப்படி இருக்கு?" என்று பிள்ளை கேட்டால், "என்னை உடனே கூட்டிக்கொண்டு போங்கள்" என்று அர்த்தம். ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு பேச்சாக இருக்கட்டும்.

5. வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம், போன் வர வேண்டும். இரண்டு முறை தவறினால் மூன்றாவது முறைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

6. பயணம் பகலில். புறக்கோட்டை பஸ் நிலையத்தில் "ஐயா அனுப்பினார், வாங்க" என்று யார் வந்தாலும், முதலில் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்துக் கேட்ட பிறகே போக வேண்டும்.

வேலை செய்யும் வீட்டில்

7. படுக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் கேளுங்கள். ஒரு தாழ்ப்பாளுக்கும் நாலு ஆணிக்கும் ஆகும் செலவு பெரிய செலவல்ல. தர மறுப்பவர் காசுக்காக மறுக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

8. இரவில் தனியே கேட் திறக்காதீர்கள். மணி அடித்தால் வீட்டுக்காரரை எழுப்புங்கள். கள்ளனோடு சண்டை பிடிப்பது உங்கள் சம்பளத்தில் சேர்ந்த வேலை அல்ல. அவர்களின் நகை போனால் வாங்கிக்கொள்வார்கள். உங்கள் உயிருக்கு மறு கடை இல்லை.

9. இரவில் கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். வாசம் வந்தால் லைட் போடாமல், ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். பின்கதவுச் சாவி எங்கே தொங்குகிறது என்பது முதல் நாளே தெரிய வேண்டும்.

10. நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வைத்திருங்கள். சம்பளம் வாங்கிய திகதி, தொகை, லீவு, அடிபட்டது, ஏசியது எல்லாம் திகதியோடு எழுதுங்கள். செக்ரோல் பார்த்துச் சண்டை பிடித்த பரம்பரை நாம். எழுத்தில் இருப்பதை யாரும் லேசில் அழிக்க முடியாது.

11. சம்பளம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும். தரகர் கைக்குப் போகக் கூடாது. புத்தகம் உங்களிடம் இருக்க வேண்டும்.

12. நம்பர்கள்: பொலிஸ் 119. சிறுவர்களுக்கு 1929. பெண்களுக்கு 1938. அம்புலன்ஸ் 1990. பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தமிழும் இந்த நாட்டின் அரச மொழி. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

லயத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாய் மலையில், தகப்பன் கைக்காசு வேலையில், பிள்ளை பாடசாலை விட்டு வந்து தனியே இருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு, பக்கத்துக் காம்பராவில் பொறுப்பான ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். சாவி அவரிடம் இருக்கட்டும். லயத்துச் சுவர் மெல்லியது என்று எத்தனையோ நாள் குறைப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த மெல்லிய சுவரால்தான் ஒரு சத்தம் கேட்டால் பத்துப் பேர் ஓடி வருகிறோம். ஹெந்தளையின் மதில் வீட்டில் அந்தப் பிள்ளை கத்தினால் யாருக்குக் கேட்கும்? அந்தப் பத்துப் பேரும் நாமாக இருக்க வேண்டும்.

பழக்கம் போதுமா?

போதாது. எல்லாவற்றையும் பழக்கமாக்கி நம் தலையில் கட்டிவிட்டுக் கம்பனியும் அரசாங்கமும் கை கழுவ நாம் விடக் கூடாது. "கவனமாக இருந்திருக்கலாமே" என்று செத்த பிள்ளையைக் குற்றம் சொல்லும் வாய்களை நாம் பார்த்திருக்கிறோம். கவனம் நம் கையில் இருப்பது. கதவு அவர்கள் கையில் இருப்பது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளருக்கான 189ஆம் இலக்க உடன்படிக்கையை நிறைவேற்றியது. அடையாள ஆவணங்களைத் தன்னிடமே வைத்திருக்கும் உரிமையும், ஓய்வு நாளில் வெளியே போகும் உரிமையும் அதில் இருக்கின்றன. அதோடு சேர்ந்த 201ஆம் இலக்கப் பரிந்துரை இன்னும் ஒரு படி மேலே போய், வேலை செய்யும் வீட்டிலேயே தங்குபவருக்குக் காற்றோட்டமுள்ள தனி அறை வேண்டும், அந்த அறைக்குப் பூட்டு வேண்டும், சாவியை அவரிடமே கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. உலகமே கூடி எழுதிய வார்த்தை இது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. அந்த உடன்படிக்கையை ஏற்று, அறையும் பூட்டும் சாவியும் என்பதைச் சட்டமாக எழுத வேண்டும். 1871ஆம் ஆண்டின் சந்தேகச் சட்டத்தைத் தூக்கி எறிய வேண்டும். வீட்டு வேலைக்கு எழுத்து ஒப்பந்தமும், வார விடுமுறையும், சேமலாப நிதியும் வேண்டும். ஆள் பிடிக்கும் தரகருக்குப் பதிவும் பொறுப்பும் வேண்டும். தோட்டத்தில் பிள்ளைகள் பதினெட்டு வயதுவரை படிக்க வசதியாக, குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம் வேண்டும். ஐந்தாவது கிடைத்தால் மற்ற நான்கின் பாதித் தேவை குறைந்துவிடும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சங்கத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அன்றோடு ஒருவர் தொழிலாளர் இல்லாமல் போய்விடுவதில்லை. ஹெந்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வேலை செய்பவரும் நம் அங்கத்தவர்தான். ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தன் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்களின் இடாப்பு ஒன்றை இந்த மாதமே எழுதத் தொடங்க வேண்டும். பெயர், வயது, முகவரி, கடைசியாகப் பேசிய திகதி, இவை போதும். 1871இல் துரைமார் நம்மைச் சந்தேகித்துப் பதிவேடு எழுதினார்கள். நாம் நம் பிள்ளைகளைத் தேடிப் பதிவேடு எழுதுவோம்.

அடுத்த மாதச் சந்தாக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டிலிருந்து போனவரின் முகவரியை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத முடியவில்லை என்றால், முகவரி தெரியாது என்றால், அதையும் வந்து சொல்லுங்கள். தேடிக் கண்டுபிடிப்பது அன்றிலிருந்து சங்கத்தின் வேலை.

— தோட்டப் பாடசாலை ஆசிரியர், சங்க அமைப்பாளர்